ஓக்லண்ட் ஓக்ஸ் பழைய ஜெர்சி: எந்த வருடத்தது வாங்கலாம், ஃப்ளானலா டி-ஷர்ட்டா?

ஈஸ்ட்பே_வாசி:

வணக்கம். எங்கள் ஊர் பேஸ்பால் அணி ஓக்லண்ட் ஏ'ஸ் 2024 செப்டம்பர் 26 அன்று கொலிசியம் மைதானத்தில் கடைசி ஆட்டம் ஆடிவிட்டுக் கிளம்பியதிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பச்சைத் தொப்பியைத் தொடவே யாருக்கும் மனசு வரவில்லை. வேறு ஊர் அணிக்கு மாறவும் பிடிக்கவில்லை. இந்த நேரத்தில்தான், ஏ'ஸ் 1968ல் இங்கே வருவதற்கு முன்பே ஓக்லண்ட் ஓக்ஸ் என்று ஒரு அணி இருந்திருக்கிறது, அதன் சட்டை வேண்டும் என்று சாஃப்ட்பால் ஆடும் என் மகள் கேட்கிறாள். தேடிப் படித்ததில் எனக்கும் ஆசை வந்துவிட்டது. 1903ல் பசிபிக் கோஸ்ட் லீக் தொடங்கியபோதே இருந்த அணி. ஓக்லண்டை ஒட்டிய எமரிவில்லில், சான் பாப்லோ அவென்யூ பக்கம் மைதானம். 1955 சீசன் முடிந்ததும் வான்கூவருக்குக் கொண்டுபோய் மவுன்டீஸ் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். மேஜர் லீக் என்னும் உச்ச நிலைக்குக் கீழே உள்ள மைனர் லீக்தான், ஆனால் 1958ல் ஜயன்ட்ஸும் டாட்ஜர்ஸும் வரும்வரை மேற்குக் கரையில் மேஜர் லீக் அணியே கிடையாது என்பதால் இந்த ஊர்க்காரர்களுக்கு ஓக்ஸ்தான் எல்லாமுமாக இருந்திருக்கிறது.

ஆனால் ஓக்ஸ் என்று போட்டுத் தேடினால் ஏகப்பட்ட சாமான் வருகிறது. கம்பளி ஃப்ளானல் ஜெர்சி இருநூறு டாலரைத் தாண்டுகிறது, பாலியஸ்டர் ஜெர்சி அதைவிட ரொம்பக் குறைவு, டி-ஷர்ட் இன்னும் மலிவு. ஒரே அணிக்கு விதவிதமான வருடங்கள் வேறு. எதை நம்பி வாங்குவது? ஃப்ளானலுக்குக் கொடுக்கும் காசு நியாயமானதுதானா? அப்புறம் இன்னொன்று, இல்லாமல் போன அணியின் பெயரை வைத்து யார் வேண்டுமானாலும் விற்கலாமா, அந்தப் பணத்தில் பழைய ஆட்டக்காரர்களின் குடும்பத்துக்கு ஏதாவது போகிறதா என்பதும் தெரிந்தால் நல்லது.

பழையபந்து:

வருடத்தை முதலில் முடிவு பண்ணுங்கள், துணியை அப்புறம் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் லோகோ அழகாக இருக்கிறது என்று வாங்கிவிட்டு, யாராவது "இது என்ன அணி?" என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். அந்த வருடம் யார் யார் ஆடினார்கள், என்ன நடந்தது என்று தெரிந்து வாங்கினால் அந்தச் சட்டையை நீங்கள் விடவே மாட்டீர்கள்.

எல்லாரும் 1948 என்றுதான் சொல்வார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. கேஸி ஸ்டெங்கல் மேனேஜர். மேஜர் லீகில் ஆடி முடித்து வயதாகிவிட்டது என்று ஒதுக்கப்பட்டவர்கள் பலர் அந்த அணியில் இருந்ததால் "ஒன்பது கிழவர்கள்" என்றே பட்டப்பெயர். அந்தக் கிழவர்கள் 114 ஆட்டம் ஜெயித்து, 74 தோற்று, வளைகுடாவின் எதிர்க்கரை அணியான சான் பிரான்சிஸ்கோ சீல்ஸை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் முந்தி லீகைப் பிடித்தார்கள். கேட்சர் எர்னி லொம்பார்டி ஓக்லண்டிலேயே பிறந்தவர், 1920களில் ஓக்ஸில் ஆட ஆரம்பித்தவர், 1938ல் சின்சினாட்டி ரெட்ஸுக்காக நேஷனல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் (எம்.வி.பி.) விருது வாங்கியவர். அப்பேர்ப்பட்ட ஆள் நாற்பது வயதில் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து ஆடினார். குக்கி லாவஜெட்டோவும் ஓக்லண்ட்காரர்தான். அதற்கு முந்தின வருடம் மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் புரூக்ளினுக்காக இறங்கி, நியூயார்க் யாங்கீஸ் பிட்சர் (பந்து வீசுபவர்) பில் பெவன்ஸின் நோ-ஹிட்டரை, அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டத்தை, ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆன பிறகு உடைத்தவர் அவர். இவர்களுக்கு நடுவில் பெர்க்லியிலிருந்து வந்த இருபது வயதுப் பையன் பில்லி மார்ட்டின். ஸ்டெங்கல் அடுத்த வருடமே யாங்கீஸுக்குப் போய் 1949 முதல் 1953 வரை தொடர்ச்சியாக ஐந்து உலகத் தொடர் ஜெயித்தார் என்பதை எல்லாரும் சொல்வார்கள், அதற்கு வழி திறந்தது எமரிவில்லில் அவர் ஜெயித்த அந்த ஒரு சீசன் என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் உங்கள் இடத்தில் இருந்தால் 1949 வாங்குவேன். அந்த வருடம்தான் கறுப்பின ஆட்டக்காரர்களின் அணியான பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸில் புகழ்பெற்ற ஷார்ட்ஸ்டாப், கறுப்பினத்தவரான ஆர்ட்டி வில்சன், ஓக்ஸில் சேர்ந்தார். .348 சராசரியோடு பசிபிக் கோஸ்ட் லீகின் பேட்டிங் பட்டத்தையும் எடுத்தார். வெளியூர் ஆட்டங்களில் அவரோடு யார் அறையைப் பகிர்ந்துகொள்வது என்று வந்தபோது முன்வந்தவர் வெள்ளையரான பில்லி மார்ட்டின்.

இதன் பாரம் புரிய வேண்டுமானால் 1916க்குப் போக வேண்டும். அந்த வருடம் மே 28 அன்று ஜிம்மி கிளாக்ஸ்டன் என்ற பிட்சர் ஓக்ஸுக்காக இரட்டை ஆட்டத்தின் இரண்டிலும் பந்து வீசினார். அவரை அமெரிக்கப் பூர்வகுடி என்று சொல்லித்தான் சேர்த்திருந்தார்கள். அவருக்குக் கறுப்பின வம்சாவளி உண்டு என்று தெரியவந்ததும் ஒரு வாரத்துக்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தச் சில நாட்களுக்குள் ஸீ-நட் மிட்டாய்க் கம்பெனியின் புகைப்படக்காரர் அணியைப் படம் எடுக்க வந்திருந்ததால் மிட்டாயோடு தரும் ஆட்டக்காரர் படக் கார்டுகளில் கிளாக்ஸ்டனுக்கும் ஒன்று அச்சானது. கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரின் படம் வந்த முதல் பேஸ்பால் கார்டு அதுதான் என்கிறார்கள். அவரை விரட்டிய அதே அணிக்கு 33 வருடம் கழித்து ஆர்ட்டி வில்சன் வருகிறார். ஓக்ஸின் வரலாற்றைக் கொண்டாடுகிறோம் என்று சட்டை போட்டால் இந்த இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் மகளுக்கு இந்தக் கதையை அவசியம் சொல்லுங்கள்.

நூலும்_ஊசியும்:

பழைய விளையாட்டுச் சட்டைகளைப் பழுது பார்ப்பது என் பொழுதுபோக்கு, அதனால் துணி பற்றி நான் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் முதுகைப் பாருங்கள். ஓக்ஸ் ஜெர்சியின் முதுகில் "மார்ட்டின்", "லொம்பார்டி" என்று பெயர் இருந்தால் அது அந்தக் காலத்து ஜெர்சியின் நகல் இல்லை. முதுகில் பெயர் போடும் வழக்கத்தை 1960ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ்தான் ஆரம்பித்தது, ஓக்ஸ் போனது 1955ல். எண் மட்டும்தான் இருக்க வேண்டும். அதே மாதிரி கழுத்துக்குப் பின்னால் லீக் சின்னம் தைத்திருந்தாலும் பிற்காலத்துப் பழக்கம்தான், மேஜர் லீகின் அந்த மட்டையாளர் நிழலுருவச் சின்னமே 1969ல் வந்தது. ஜிப் வைத்த ஜெர்சியைப் பார்த்துப் போலி என்று நினைத்துவிடாதீர்கள், சிகாகோ கப்ஸ் 1937லேயே ஜிப் போட்டு ஆடியது, 1940களில் நிறைய அணிகளிடம் அது இருந்தது.

அடுத்தது எழுத்து. அசல் முறையில் எழுத்துகளைக் கம்பளியை அழுத்திச் செய்த ஃபெல்ட் துணியில் வெட்டித் துணியின் மேல் வைத்துத் தைப்பார்கள், விரலால் தடவினால் மேடு தெரியும். சாய்வெழுத்துகளில் சில சமயம் சங்கிலித் தையல் இருக்கும். ரப்பர் மாதிரி வழவழவென்று ஒட்டியிருந்தால் வெப்ப அச்சு, அது சில சலவையிலேயே உரிய ஆரம்பிக்கும். பாலியஸ்டர் டபுள்-நிட் (இரட்டைப் பின்னல்) சீருடை 1970ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸோடு வந்தது, அதற்கு முன் எல்லாரும் ஃப்ளானல்தான். ஆகவே பாலியஸ்டரில் "1948 ஓக்ஸ்" என்று வருவது அந்த வடிவத்தை நினைவுபடுத்தும் ஒரு சட்டை, அவ்வளவுதான். போட்டுக்கொண்டு ஓடியாடுவதற்கு அது தாராளமாகப் போதும், ஆனால் அதை அசல் நகல் என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால் வாங்காதீர்கள்.

ஃப்ளானலுக்குக் கொடுக்கும் காசு நியாயம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், ஆமாம். அந்தக் கம்பளித் துணியைப் பேஸ்பாலுக்காக நெய்வது பல காலத்துக்கு முன்பே நின்றுபோனது. சியாட்டிலில் ஜெரி கோஹன் 1988ல் எபெட்ஸ் ஃபீல்ட் ஃப்ளானல்ஸ் தொடங்கிய பிறகுதான் பசிபிக் கோஸ்ட் லீக், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கென்று இருந்த நீக்ரோ லீக்குகள் மாதிரி மற்றவர்கள் கண்டுகொள்ளாத அணிகளுக்கு அந்தப் பழைய முறையிலேயே துணியும் எழுத்தும் கிடைக்க ஆரம்பித்தது. பிலடெல்பியாவின் மிட்செல் அண்ட் நெஸ் 1904லிருந்து இருக்கும் பழைய கடை, ஆனால் அவர்கள் பெரும்பாலும் மேஜர் லீக் பக்கம். எழுத்துகளைக் கையால் வைத்துத் தைக்கும் வேலைக்கு ஆகும் நேரத்தை நான் அறிவேன், அந்த விலையில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

சீல்ஸ்_பக்கம்:

எதிர்க்கரையிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. என் அணி சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ், ஜோ டிமாஜியோ பதினெட்டு வயதில் 1933ல் தொடர்ச்சியாக 61 ஆட்டங்களில் ஹிட் அடித்த அணி. எங்கள் கதையும் 1957ல் முடிந்தது. ஜயன்ட்ஸ் உள்ளே வந்ததும் சீல்ஸ் ஃபீனிக்ஸுக்குப் போக வேண்டியதாயிற்று.

ஃப்ளானல் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அது அலமாரியில் தொங்கத்தான் போகிறது. கம்பளிச் சட்டையை ஜூலை மதியத்தில் வால்நட் கிரீக்கில் போட்டு நடந்து பாருங்கள். ஒரு அணியின் நினைவு உயிரோடு இருக்க வேண்டுமானால் அது தெருவில் நடமாட வேண்டும், கடைக்குப் போகும்போது, ரயிலில் போகும்போது, பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது. நல்ல கனமான பருத்தி டி-ஷர்ட்டில் சரியான வருடத்து எழுத்து இருந்தால் அதுவே போதும் என்பேன். ஒரே ஒரு வேண்டுகோள், வேண்டுமென்றே வெடித்த மாதிரி, உரிந்த மாதிரி அச்சடித்து விற்பதை வாங்காதீர்கள். ஓக்ஸ் ஆடிய நாட்களில் அந்தச் சட்டை புத்தம் புதிதாகப் பளிச்சென்றுதான் இருந்தது, நீங்கள் போட்டுப் போட்டுப் பழசாகட்டும்.

இரண்டு அணி ரசிகர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று. இந்த லீகில் ஒரு அணி இன்னொரு ஊருக்கு வந்தால் செவ்வாய் முதல் ஞாயிறு வரை முழு வாரமும் அங்கேயே ஆடுவார்கள், திங்கள் பயணம். சீல்ஸும் ஓக்ஸும் மோதும் வாரத்தில் மட்டும், ஞாயிறு காலை ஒரு கரையில் ஒரு ஆட்டம், மதியம் மறு கரையில் இன்னொன்று என்று ஆடிய காலம் உண்டு. ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் நடுவில் படகு ஏறி வளைகுடாவைக் கடப்பார்கள். வளைகுடாவின் மேல் பிரிட்ஜ் வந்தது 1936ல்தான். அதனால் வீட்டில் ஒருவர் ஓக்ஸ், இன்னொருவர் சீல்ஸ் என்று போட்டுக்கொள்வதுதான் இந்த ஊருக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

ஈஸ்ட்பே_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கிளாக்ஸ்டன் கதையை மகளிடம் சொன்னேன், அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. "அப்போ அவர் சட்டைதானே செய்யணும்?" என்று கேட்டாள். 1916 சீருடையை யாராவது சரியாகச் செய்கிறார்களா? கறுப்பு வெள்ளைப் படம்தானே இருக்கிறது, நிறத்தை எப்படி முடிவு செய்வார்கள்? அப்புறம் அந்த உரிமை விஷயம், யாருக்காவது தெரியுமா?

கோப்புக்கட்டு:

டிரேட்மார்க் பதிவு வேலையில் இருக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன், குறிப்பிட்ட கம்பெனி எதைப் பற்றியும் இல்லை.

அமெரிக்கச் சட்டப்படி ஒரு வணிகக் குறியைத் தொடர்ந்து மூன்று வருடம் பயன்படுத்தாமல் விட்டால், அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதற்கு அதுவே முதல்நிலை ஆதாரம். 1955ல் ஊரை விட்டுப் போன அணியின் பெயரைப் பல பத்து வருடங்கள் யாரும் தொடாமல் இருந்தால், வேறு ஒரு உடை நிறுவனம் அதை எடுத்துச் சட்டையில் போட்டு விற்கலாம், பதிவும் கேட்கலாம். இப்படித்தான் பழைய மைனர் லீக் பெயர்கள் பல இன்று அந்த அணியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களின் கையில் இருக்கின்றன. 1949ல் அமெரிக்காவில் 59 மைனர் லீக்குகள் இருந்தன. அதற்குப் பிறகு தொலைக்காட்சி வந்து சின்ன ஊர் மைதானங்கள் காலியாகி, 1960களின் தொடக்கத்துக்குள் பெரும்பாலானவை மூடிவிட்டன. அத்தனை அணிகளின் பெயர்களும் சின்னங்களும் கேட்பாரற்றுக் கிடந்தன.

அதனால் "அதிகாரபூர்வ ஓக்ஸ் ஜெர்சி" என்று யாராவது எழுதியிருந்தால் அதற்கு அணி தரும் அங்கீகாரம் என்று பொருள் இல்லை, அங்கீகாரம் தர அணியே இல்லை. குடும்பங்களுக்குப் பணம் போகிறதா என்று கேட்டீர்கள். அணியின் பெயரும் எழுத்தும் மட்டும் இருக்கும் சட்டைக்குக் கொடுக்க வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை. ஒரு ஆட்டக்காரரின் பெயரையோ முகத்தையோ போட்டு விற்றால் நிலைமை வேறு. கலிஃபோர்னியாவில் ஒருவர் இறந்து 70 வருடம் வரை அந்த உரிமை வாரிசுகளிடம் இருக்கலாம், அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். விற்பவரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டு, வருமானத்தில் எங்காவது ஏதாவது கொடுக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்பதில் தப்பே இல்லை. நல்ல கம்பெனி பதில் சொல்லும்.

பழையபந்து:

நிறம் பற்றி நல்ல கேள்வி. மேஜர் லீக் சீருடைகளை வருடவாரியாக வரைந்து தொகுத்த படத்தொகுப்பு கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் மைனர் லீக் கிடையாது. ஆகவே ஓக்ஸ் மாதிரி அணிக்கு ஒவ்வொரு வருடத்தையும் யாராவது உட்கார்ந்து தேடித்தான் ஆக வேண்டும். இதில் பெரிய சிக்கல் பழைய ஃபிலிம். 1916 காலத்துப் படச்சுருள் சிவப்பு ஒளியைப் பதிவு செய்யாது, அதனால் சிவப்பு எழுத்து கறுப்பாகத் தெரியும், நீலம் வெளிறிப்போய் விடும். படத்தை மட்டும் பார்த்து நிறம் சொன்னால் தப்பாகத்தான் முடியும். அந்த வருடப் பத்திரிகையில் "புதிய சீருடை" பற்றி எழுதிய வரிகள், வண்ணத்தில் அச்சிட்ட ஆட்ட நிகழ்ச்சி அட்டைகள், எங்காவது மிஞ்சியிருக்கும் உண்மையான சட்டை, இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். ஒரு ஜெர்சி விற்பவர் எதை வைத்து இந்த நிறம் என்று முடிவு செய்தார் என்று கேளுங்கள், அந்த ஒரு கேள்வியிலேயே அவர் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

நீங்களும் மகளும் தேட விரும்பினால் ஓக்லண்ட் பொது நூலகத்தின் வரலாற்றுப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். கலிஃபோர்னியா டிஜிட்டல் செய்தித்தாள் தொகுப்பு இலவசமாகவே வலையில் இருக்கிறது, கோஸ்ட் லீக் செய்திகள் சின்ன ஊர்ப் பத்திரிகைகளில்கூட வந்திருக்கின்றன. 1971லிருந்து இயங்கும் அமெரிக்கப் பேஸ்பால் ஆராய்ச்சிச் சங்கத்தின் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளும் இலவசம்தான்.

சட்டை வாங்கியதும் எங்கே போட்டுக்கொண்டு போவது என்பதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. வெஸ்ட் ஓக்லண்டில் ரைமாண்டி பார்க்கில் ஓக்லண்ட் பாலர்ஸ் 2024லிருந்து ஆடுகிறது, பயனியர் லீக், எந்த மேஜர் லீக் அணிக்கும் கட்டுப்படாத அணி, ரசிகர்களே பணம் போட்டுப் பங்கு வாங்கியிருக்கிறார்கள். 2025ல் லீகையும் ஜெயித்தார்கள். அந்தப் பார்க்கின் பெயர் இரண்டாம் உலகப் போரில் உயிர் விட்ட எர்னி ரைமாண்டியுடையது, கோஸ்ட் லீகில் ஆடியவர். அவருடைய அண்ணன் பில்லி ரைமாண்டி வருடக்கணக்கில் ஓக்ஸின் கேட்சர். ஓக்ஸ் சட்டை போட்டுக்கொண்டு உட்கார அதைவிடச் சரியான இடம் இந்த வளைகுடாவில் இல்லை.

ஈஸ்ட்பே_வாசி:

ரைமாண்டி பார்க் விஷயம் தெரியவே தெரியாது, அங்கே போயிருக்கிறோம், பெயர்ப்பலகையைத் தாண்டி யோசித்ததே இல்லை. முடிவு பண்ணிவிட்டோம். எனக்கு 1949 ஃப்ளானல், கைக்கு வரும் முன் நிறத்துக்கு ஆதாரம் கேட்டு எழுதப்போகிறேன். மகளுக்கு இப்போதைக்கு டி-ஷர்ட், 1916 சீருடையைப் பற்றி நூலகத்தில் தேடிப் பார்த்துத் தானே வரைகிறேன் என்கிறாள். அளவு எப்படி எடுப்பது, எப்படித் துவைப்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

நூலும்_ஊசியும்:

ஃப்ளானல் இழுபடாது, அதனால் அந்தக் காலத்து வெட்டு தொளதொளவென்றுதான் இருக்கும். உங்களுக்குச் சரியாக இருக்கும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து, விற்பவர் கொடுத்திருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள், எஸ், எம், எல் என்ற எழுத்தை நம்ப வேண்டாம். உள்ளே ஒரு டி-ஷர்ட் போட்டுத்தான் போடுவீர்கள், கம்பளி உறுத்தும், அதற்கும் இடம் விடுங்கள்.

துவைக்கும் மெஷினிலும் டிரையரிலும் போடவே கூடாது, துணியும் ஃபெல்ட்டும் வேறு வேறு அளவில் சுருங்கி எழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழுந்துவிடும், அப்புறம் சரி பண்ணவே முடியாது. டிரை கிளீன் கொடுங்கள், ஃபெல்ட் எழுத்து இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் கொடுக்கத் தேவையில்லை, போட்ட பிறகு நிழலில் காற்றாட விட்டாலே போதும். கறை பட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், சிவப்பு ஃபெல்ட்டாக இருந்தால் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கும். கம்பியில் மாட்டாமல் மடித்து வையுங்கள், தொங்கினால் தோள் நீண்டுவிடும். மழைக்காலம் முழுக்க அலமாரியில் இருக்கப்போகிறது என்றால் அந்துப்பூச்சி வராமல் மூடிய துணிப்பையில் வைத்து, அவ்வப்போது எடுத்து உதறிப் பாருங்கள்.